தண்ணீர் இடுப்பளவு

காற்றின்மேல் பழி போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. போன மாதம் மாமாவின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் மூத்த அண்ணன். பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மருமகளப் பள்ளிக்கூடத்தில சேக்கிறதுக்காகப் பேய்க்காத்துக்குள்ள ஆத்தில தோணியக் கட்டிப்போட்டுக் காவல் கிடந்த மனுசன். அப்பிடியாக்கள் இனிப் பிறக்கமாட்டாங்க." அந்த மருமகள் நான்தான். வாயருகே கொண்டுபோன சோற்றை நான் இலையில் திருப்பி வைத்தேன்.

என் வயதுக்காரர்களே, வாவியை ஆறு என்று மட்டுமே சொல்லி வளர்ந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்றைய பிள்ளைகள் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். மாரியில் மேற்கே நம் படுவான்கரை எப்படித் துண்டாகிக் கிடக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். வயல்வட்டை முழுக்க வெள்ளம், ரோட்டு எங்கே வாய்க்கால் எங்கே என்று தெரியாது. போக வேண்டுமென்றால் தோணிதான்.

அந்த மாரியில் எனக்கு டவுணில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். விடுதியில் தங்கிப் படிக்கலாம், செலவு இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சோதனை எழுத வைத்து, முடிவு வந்ததும் வெள்ளத்துக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து சொன்னார். ஒன்றை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: திங்கட்கிழமை பள்ளி தொடங்கும்போது பிள்ளை அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அப்பா ஆரையம்பதியில் வாங்கிய ஒரு தகரப்பெட்டி வீட்டில் இருந்தது. பச்சைப் பெயின்ற், மூடியில் மஞ்சளில் ஒரு பூ. தாமரை என்றார் அப்பா. எனக்கு அது கோவா, அதாவது முட்டைக்கோஸ் போலத்தான் தெரிந்தது. அம்மா அதற்குள் வெள்ளைச் சட்டைகளை மடித்து வைத்தாள். ஒரு கோப்பை, ஒரு தட்டு, சிவப்புச் சவர்க்காரம் ஒன்று. நான் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். புதுத் துணியும் சவர்க்காரமும் பெயின்ற்றும் கலந்த அந்த மணம்தான் எனக்கு டவுண்.

மாமாவுக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை. "பொம்பிளப் புள்ளைக்கு வீடு வளவு இரிக்கி. படிப்பு என்னத்துக்கு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவான். என் அப்பாவும் அப்படி வந்து சேர்ந்தவர்தான், எதிர்க்கரையிலிருந்து. ஆனாலும் வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நிறைய வயல் வைத்திருந்த மாமாவைப் போடியார் என்பார்கள்; போடியாரின் மருமகளுக்கு டவுண் பள்ளிக்கூடம் என்று கடைத்தெருவில் பேச்சு. அது மாமாவின் காதுக்கு இனித்திருக்க வேண்டும். "எண்ட தோணியிலதான் புள்ள போகோணும்" என்றார். வேறு தோணியும் அப்போது ஓடவில்லை.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். மாமா பாய்க்கயிற்றில், அப்பா ஊன்றுகம்பில், நானும் அம்மாவும் கிடுகுக் கூரையின் கீழ் பெட்டியோடு. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. நாங்கள் போக வேண்டியதும் வடக்கே. ஆறு அகன்ற இடத்துக்கு வந்ததும் அலை தோணிக்குள் ஏறியது. அம்மா சட்டியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். பாய் ஓரத்தில் கிழிந்தது. மாமா பாயை இறக்கிவிட்டுக் காற்று மறைவு தேடிக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் தோணியைத் திருப்பினார். அதில் பிழை இல்லை. தோணி ஓட்டத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் கண்ணா மரங்களின் மறைவில் நங்கூரக் கல்லை இறக்கினார். கம்பையும் சேற்றில் ஊன்றித் தோணியைக் கட்டினார். அங்கே காற்று கூரைக்கு மேலால் போனது. மழை மட்டும் விழுந்தது. கரை, ஒருவர் குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். தென்னைமரங்களுக்கு நடுவில் புகை எழும்பியது. யாரோ மிளகாய் வறுத்தார்கள். எனக்குத் தும்மல் வந்தது. அந்தப் புகைக்கு அப்பால் கொஞ்சம் நடந்தால் பெரிய ரோட்டு. ரோட்டில் பஸ். ஏறி இருந்தால் மத்தியானத்துக்குள் டவுண்.

"அப்ப இறங்கி நடப்பமே" என்று நான் பெட்டியைத் தூக்கினேன்.

ஒருவரும் அசையவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இருத்தினாள். "மாமா அந்தக் கரையில கால் வைக்கமாட்டார் புள்ள."

காரணம் இதுதான். இரண்டு கரைக்கும் பொதுவாக அந்த ஊரில் ஓர் அம்மன் கோயில் இருந்தது. வைகாசிச் சடங்கின் கடைசி நாளில் வண்ணக்கர், அதாவது கோயிலைப் பார்க்கிற பெரியவர், ஒவ்வொரு தாய்வழிக் குடியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெற்றிலை வட்டாவை நீட்டுவார். எங்கள் குடியை இரண்டாவதாகக் கூப்பிடுவது வழக்கம். முந்தின வைகாசியில் மூன்றாவதாகக் கூப்பிட்டுவிட்டார். மாமா வட்டாவைத் தொடவில்லை. தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, "எண்ட குடிக்கு மரியாத தாற வரைக்கும் இந்தக் கரையில என்ர காலும் படாது, என்ர சோத்தில திண்டவன்ட காலும் படாது" என்று சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத் தோணி ஏறினார். ஒரு வெற்றிலை ஒரு ஆளுக்குப் பிந்திக் கிடைத்த குற்றம். அதற்குத்தான் நாங்கள் சேற்றில் கல்லைப் போட்டுக்கொண்டு கிடந்தோம்.

அந்த ஊர் அப்பா பிறந்த ஊர். அவருடைய அக்கா, என் மாமி, அந்தக் கரையில்தான் இருந்தாள். எங்கள் பாயை எங்கிருந்து கண்டாளோ, மத்தியானம் தலையில் ஒரு உரப்பையைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிட்டாள்.

"தம்பீ! என்னகா ஆத்துக்குள்ள குடியிரிக்கிறீங்க? இஞ்ச வீடில்லையா?"

அப்பா கம்பில் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"மச்சாள்! நீயாவது சொல்லன். புள்ள நனையுதெல்லா!"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். மாமா மேற்கே பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றார். மாமி போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டியை வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். சோறு, இறால் போட்ட சொதி. மழைக்குள் ஆவி பறந்தது. தோணி ஓரத்தில் வந்து நின்றவளுக்குத் தண்ணீர் இடுப்பளவு. நான் அதைப் பார்த்தேன். அவள் சேலையில் ஈரக் கோடு எங்கே நின்றது என்பது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

"எங்களுக்குச் சோறு இரிக்கி" என்றார் மாமா. எங்களிடம் இருந்தது நனைந்த அவல்.

"உங்களுக்கு ஆர் தந்த போடியார்? இது எண்ட தம்பிட புள்ளைக்கு."

"என்ர மருமகள் அந்தக் கரைச் சோறு தின்னமாட்டாள்."

"கரைச் சோறா! நெல்லு உங்கட வட்டையிலதான் விளைஞ்சது போடியார். ஆத்தைக் கடந்து வந்ததால சாதி மாறிப்போச்சோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. மாமி சட்டியைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அந்தச் சொதியின் மணம் கண்ணா மரங்களுக்குள் வெகுநேரம் நின்றது. அன்றைக்கு நான் தின்ற அவலின் புளிப்பை எந்த நாட்டில் இருந்தபோதும் என் நாக்கு மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. கிடுகு ஒழுகியது. கயிறு ஊறிப் பிணநாற்றம் அடித்தது. நான் பெட்டியின்மேல் குப்புறப் படுத்து, மூடிக்குள் தண்ணீர் போகாமல் உடம்பால் மறைத்தேன். ஒரு வீச்சுவலைக்காரர் இடுப்புத் தண்ணீரில் வலை எறிந்துகொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"போடியார், இது சீமைக்குப் போற கப்பலோ? எப்ப வெளிக்கிடுது?"

"காத்துத் தணியட்டும்" என்றார் மாமா.

"காத்துத் தணியும். நீங்க தணிவீங்களோ தெரியா!"

அவர் போனபிறகு மாமா என்னைப் பார்த்து, "தண்ணிக்குள்ள முதல இரிக்கி. இறங்கினாக் காலப் புடுங்கும்" என்றார். முதலை அந்த வலைக்காரரின் காலை ஏன் பிடுங்கவில்லை என்று நான் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"மாமா, நம்மட கல்லு அவங்கட சேத்திலதானே கிடக்கு? கம்பும் அதிலதானே குத்தியிரிக்கி? அப்ப நம்ம தோணி கால் வைச்சிற்றுத்தானே?"

கன்னத்தில் மாமாவின் அறை விழுந்தது. அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா என் வாயைப் பொத்தினாள், நான் அழுத சத்தம் கரைக்குக் கேட்டுவிடுமாம்.

பின்னேரம் காற்று கொஞ்சம் இறங்கியது. அப்பா மெதுவாக, "மச்சான், கரையோட ஒட்டிக் கம்பு ஊண்டிப் போனா விடியறதுக்குள்ள டவுணப் பிடிக்கலாம்" என்றார். இரண்டு நாளில் அவர் சொன்ன நீளமான பேச்சு அதுதான். மாமா சொன்னார்: "அவங்கட வாசலால கம்பு ஊண்டிக் களவாப் போறதா? நான் நடு ஆத்தாலதான் போவன். காத்துத் தணிஞ்சு, பாய் விரிச்சு." கரையோரம் சனம் நின்று பார்க்கும் அல்லவா? கிழிந்த பாயோடு, கூனிக் குறுகி, கம்பு ஊன்றிப் போவதை அவர்கள் பார்த்துவிடக்கூடாது. அதுதான் விஷயம். காற்று அல்ல.

திங்கட்கிழமை விடிந்தது. முதல் பஸ்ஸின் ஹோர்ன் தென்னைகளுக்கு அப்பாலிருந்து கேட்டது.  மாமி அந்த நேரத்துக்கே தண்ணீருக்குள் நின்றாள். சட்டி இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"புள்ள! அடுத்த பஸ் இன்னும் வரல. வாகா!"

நான் குதித்தேன். தண்ணீர் எனக்கு நெஞ்சுக்கு மேலே. சேறு காலை உறிஞ்சியது. ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் புதைந்தது. முதலையை நினைத்தேன். பஸ்ஸை நினைத்தேன். மாமியின் கை என் கையைப் பிடித்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. பின்னால் மாமா கத்தினார்:

"மச்சான்! உன்ர புள்ளய எடு. எடுக்காட்டி நீயும் அங்காலயே போ. என்ர தங்கச்சிட வீட்டுப் படி மறுகா மிதிக்காத!"

அம்மா பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள், பெட்டியும் குதித்துவிடும் என்பதுபோல.

அப்பா இறங்கினார். அவர் என்னைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோகத்தான் இறங்குகிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன். அவர் வந்து என் மற்றக் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீ வராட்டிப் போ" என்றாள் மாமி. "புள்ளயத் தா. நான் பஸ்ஸில கொண்டுபோய் விட்டிற்று வாறன். உன்ர பேர் வராது. நான் பறிச்சுக்கொண்டு போனன் எண்டு சொல்லு."

"விடு அக்கா."

"நீ இந்தக் கரையில பிறந்தவனெல்லா!"

"விடு அக்கா" என்றார் அப்பா. "நான் அந்த வீட்டில சீவிக்கோணும்."

மாமி என் கையை விட்டாள். அந்த மாரியில் என் அப்பா தண்ணீருக்குள் இறங்கியது அந்த ஒரு தடவைதான். என்னைத் திருப்பிக் கொண்டுவர.

அடுத்த பஸ்ஸின் ஹோர்னையும் கேட்டேன். அதற்கடுத்ததையும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காற்று தணிந்தது. பாய் விரித்து, நடு ஆற்றால், மாமா விரும்பியபடியே டவுணுக்குப் போனோம். பள்ளிக்கூடத்து விறாந்தையில் பெரிய சிஸ்டர் எங்களைப் பார்த்தார். என் சட்டையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. "நேற்று முழுக்கப் பார்த்தோமே" என்றார். மாமா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். அந்தப் பணிவை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"காத்து சிஸ்டர். கடும் காத்து. உசிரக் கையில பிடிச்சுக்கொண்டு கிடந்தம்."

கதை அங்கேதான் பிறந்தது. என் கண்முன்னால், அந்த விறாந்தையில். அப்பா தலையாட்டினார். அம்மா, "ஓம் சிஸ்டர்" என்றாள்.

என் இடம் கிரான் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்குப் போயிருந்தது. அவளுடைய அப்பா இன்னும் ஊருக்குத் திரும்பாமல் விறாந்தை ஓரத்தில் இருந்தார். கரண்டைக்கால் முழுக்க அட்டை கடித்த புண். யாராவது வராவிட்டால் அந்த இடம் கிடைக்கும் என்று வெள்ளத்துக்குள்ளால் மகளைத் தோளில் வைத்து நடந்து வந்தாராம். அங்கேயும் அதே காற்றுதானே அடித்திருக்கும்? நான் அந்த மனிதரின் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பும்போது காற்று முதுகில். பின்னேரத்துக்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். மாமா பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

அடுத்த வைகாசிக்கு முன் வண்ணக்கர் ஒரு வாழைக்குலையோடும் வெற்றிலையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மறந்துபோனன் போடியார், வயசு போகுதெல்லா" என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துபோன பேச்சு. சடங்கில் எங்கள் குடியை இரண்டாவதாகக் கூப்பிட்டார்கள். மாமாவுக்கு ஒரு பட்டுச் சால்வையும் போர்த்தினார்கள். அதே கண்ணா மரங்களுக்குப் பக்கத்தில்தான் தோணியைக் கட்டினார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சிரித்துச் சிரித்து நடந்தார். மாமி வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மாமா இரண்டாம் தரம் சொதி கேட்டு வாங்கினார்.

அந்தப் பட்டுச் சால்வையை வைக்க மாமாவிடம் நல்ல பெட்டி இல்லை. அம்மா என் வெள்ளைச் சட்டைகளை எடுத்துத் தலையணை உறையாகத் தைத்துவிட்டு, சால்வையை என் பெட்டிக்குள் வைத்தாள். ஒவ்வொரு வைகாசியிலும் ஒரு சால்வை வந்தது. பெட்டி மாமா வீட்டுக்குப் போனது. சவர்க்காரத்தை யார் எடுத்தார்கள் என்று தெரியாது.

வாத்தியார், "அடுத்த வருசமும் கேட்டுப் பாப்பம்" என்றார். அதற்குள் நான் பெரியபிள்ளை ஆகிவிட்டேன். வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று என்றார் மாமா. எட்டாம் வகுப்போடு நின்றேன். பொய் சொல்லக்கூடாது, மாமா நல்ல வீடுதான் கட்டித் தந்தார். அதில் ஒருவனைக் கொண்டுவந்து கட்டியும் வைத்தார்கள். அவன் ஒரு மாரியோடு விட்டுவிட்டுப் போனான். மறுகா நானும் போனேன். கொழும்பில் சமையல், லெபனானில் கிழவியைப் பார்த்தேன், குவைத்தில் பிள்ளைகளைப் பார்த்தேன், சண்டைக் காலத்தில் முகாம்களில் பெரிய கிடாரத்தில் பருப்பு வைத்தேன். எந்த வீட்டிலும் நான் என் பயணப்பெட்டியை முழுக்க அவிழ்த்து அடுக்கியதில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன், கறிச்சரக்கு சுற்றி வந்த தாளையும். கஷ்டம்தான், ஆனால் கஷ்டப்படாதவர் நம் வயதில் யார்? எனக்குக் கோபம் அதற்கில்லை. அப்பா கடைசியில் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "அண்டைக்குக் காத்து மோசம் புள்ள" என்றார். சாகிற மனிதர். அப்போதும் காற்று. நான் ஓம் என்று சொல்லவில்லை.

போன மாதம் பந்தியில் அந்தப் பேச்சு எழும்பியபோது, மாமாவின் மூத்த மகன் பாயாசம் ஊற்றிக்கொண்டு வந்தான். "மச்சாளுக்குத்தான் முழுக்கத் தெரியும், கேளுங்க. அப்பா எவ்வளவு பாடுபட்டவர் எண்டு" என்றான்.

"காத்து இல்ல" என்றேன்.

"என்ன மச்சாள்?"

"காத்தால நான் படிக்காம விடல்ல. உன்ர அப்பாக்கு வெத்தில பிந்தினதால விட்டன்."

  அவன் வாளியைப் பிடித்தபடி குனிந்து, "விடுங்க மச்சாள். செத்த மனுசன். ஆக்கள் இரிக்காங்க" என்றான்.

நான் கை கழுவினேன். உள்ளறைக்குப் போனேன். பெட்டி அங்கே இருந்தது. பச்சை கறுத்துவிட்டது, கோவாப்பூ பாதி உரிந்துவிட்டது. மூடியைத் திறந்து சால்வைகள் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். கற்பூரமும் பழைய பட்டும் மணத்தன. மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். சவர்க்கார மணம் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் பார்த்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தலைத் தாண்டும்போது அவன் பின்னால் ஓடி வந்தான்.

"மச்சாள், இப்ப என்ன செய்யோணும் எண்டு சொல்றீங்க? ஊரெல்லாம் தெரிஞ்ச கத. நான் என்னண்டு மாத்திச் சொல்ற?"

"மாத்த வேணாம் தம்பி" என்றேன். "காத்தையும் சொல்லு, மழையையும் சொல்லு. தண்ணி இடுப்பளவு எண்டதையும் சேத்துச் சொல்லு."